ஏடிபியின் மூன்று முகடுகள்: மில்ட்ரெட் கோனின் ஆய்வு வாழ்வு

அமெரிக்க உயிர்வேதியியலாளர் மில்ட்ரெட் கோனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருக்கு மறுக்கப்பட்டவற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெண் என்பதால் உதவித்தொகை இல்லை, யூதர் என்பதால் வேலை இல்லை, இருபது ஆண்டுகளுக்கு மேல் பேராசிரியர் பதவி இல்லை. அத்தனையும் உண்மை, இங்கும் வரும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், இந்த அம்மையார் என்னதான் கண்டுபிடித்தார் என்பது கட்டுரையின் கடைசியில் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அது அவருக்குச் செய்யப்படும் இன்னொரு அநியாயம் என்பது என் எண்ணம்.

எனவே இங்கே பதவிகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வியைப் பின்தொடரலாம். பாஸ்பேட் தொகுதி ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எந்தப் பிணைப்பு முறிகிறது? அந்த நேரத்தில் நொதி அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது? 1940களின் கடைசியில் கோன் கையில் எடுத்த கேள்வி இது. 1980கள் வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை. கருவிகள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். நம் உடலில் தசை சுருங்குவது, நரம்பு செய்தி கடத்துவது, புரதம் உருவாவது என எல்லாவற்றுக்கும் ஆற்றல் தருவது ஏடிபி எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட். அதன் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அடினோசினை ஒட்டியது ஆல்ஃபா, நடுவிலிருப்பது பீட்டா, கடைசியில் நிற்பது காமா. பெரும்பாலான வேலைகளில் இந்தக் கடைசி பாஸ்பேட்தான் கைமாறுகிறது. அது எப்படிக் கைமாறுகிறது என்று தெரியாமல் உயிரின் ஆற்றல் கணக்கு முழுமையாகாது.

நியூயார்க்கிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை

கோன் 1913இல் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள். பதினான்கு வயதில் உயர்நிலைப் பள்ளியை முடித்து, கட்டணம் இல்லாத மகளிர் கல்லூரியான ஹன்டரில் வேதியியல் படித்து 1931இல் பட்டம் பெற்றார். வேதியியலாளர் ஆவது பெண்களுக்கு அழகல்ல, வேதியியல் ஆசிரியை ஆனால் போதும் என்பது அங்கே துறைத் தலைவரின் கருத்து. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவித்தொகை ஆண்களுக்கு மட்டும்தான். கைச்சேமிப்பைக் கொண்டு 1932இல் முதுகலையை முடித்ததோடு பணமும் தீர்ந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் நாசாவின் முன்னோடியான விமானவியல் ஆலோசனைக் குழுவின் லாங்லி ஆய்வகத்தில் விமான எஞ்சின்களின் எரிபொருள் பற்றிய வேலை. எழுபது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். பதவி உயர்வு கிடையாது என்பதும் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஊதியத்தில் மிச்சம் பிடித்துக்கொண்டு மறுபடி கொலம்பியாவுக்கே வந்தார்.

வந்து சேர்ந்த இடம் ஹரால்டு யூரியின் ஆய்வகம். கனஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக 1934இல் நோபல் பரிசு பெற்றவர் யூரி. கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை, பிரிக்கும் வேலை முதலில் கோனுக்குத் தரப்பட்டது. இருந்த கருவிகளை வைத்துக்கொண்டு அது நடக்கவில்லை. பிறகு, கனமான ஆக்சிஜனான ஆக்சிஜன்-18 கரிமச் சேர்மங்களுக்கும் தண்ணீருக்கும் இடையே எப்படி இடம் மாறுகிறது என்ற தலைப்பில் முனைவர் ஆய்வை முடித்தார். இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழித்து இதே ஆக்சிஜன்-18 வேறு வேடத்தில் திரும்ப வரும்.

ஆய்வு முடிந்ததும் வேலை தேடினார். இன்ன நிறுவனத்திலிருந்து இன்னார் நேர்காணலுக்கு வருகிறார், விண்ணப்பிப்போர் ஆணாகவும் கிறிஸ்தவராகவும் இருக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசியில் 1937இல் வின்சென்ட் டு விக்னோவின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் மெத்தில் தொகுதி கோலினுக்கும் கிரியேட்டினுக்கும் அப்படியே கைமாற்றப்படுகிறது என்பதை, கனஹைட்ரஜனால் அடையாளமிட்டு எலிகளில் காட்டிய புகழ்பெற்ற ஆய்வில் அவர் பங்காளி. முக்கியமான வேலைதான். ஆனால் கேள்வி டு விக்னோவுடையது. ஐசோடோப்பு தெரிந்த கை என்ற முறையில்தான் கோன் அங்கே இருந்தார்.

1938இல் இயற்பியலாளர் ஹென்றி பிரிமகாஃபை மணந்தார். துகள் இயற்பியலில் பிரிமகாஃப் விளைவு என்று வழங்குவது அவர் பெயரில்தான். 1946இல் பிரிமகாஃபுக்கு செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, கோன் அங்கேயே கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே அந்தத் தம்பதிக்கு நோபல் பரிசு கிடைத்தது. கெர்ட்டி முழுப் பேராசிரியர் ஆனதும் அதே 1947இல்தான். நோபல் தரத்தில் வேலை செய்த ஒருவருக்கே அந்த நிலை என்றால், கோனுக்கு ஆய்வுத் துணையாளர் என்ற பதவி மட்டும் கிடைத்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்த ஆய்வகத்தில் ஒன்று வித்தியாசமாக இருந்தது. என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

எந்தப் பிணைப்பு?

குளுக்கோஸ்-1-பாஸ்பேட் கோரி தம்பதியின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் மூலக்கூறு. ஒரு பக்கம் குளுக்கோஸின் கார்பன், மறுபக்கம் பாஸ்பரஸ், இரண்டையும் இணைத்து நடுவில் ஓர் ஆக்சிஜன். நொதி இதைப் பிளக்கும்போது கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே வெட்டுகிறதா, ஆக்சிஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் இடையே வெட்டுகிறதா? எங்கே வெட்டினாலும் விளைபொருள்கள் ஒன்றேதான்: குளுக்கோஸும் பாஸ்பேட்டும். சாதாரண வேதியியல் சோதனை எதனாலும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆக்சிஜன்-18 செறிந்த தண்ணீரில் வினையை நடத்தினால் முடியும். கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்த பாத்திரத்தை அதில் வெட்டிய பெயரை வைத்து அடையாளம் காண்பது போன்ற வேலை இது. பாஸ்பரஸ் பக்கம் பிணைப்பு முறிந்தால் தண்ணீரின் கனமான ஆக்சிஜன் பாஸ்பேட்டில் போய் ஒட்டும். கார்பன் பக்கம் முறிந்தால் அது குளுக்கோஸுக்குப் போகும். பாஸ்பேட்டில் ஒன்றும் இருக்காது. வினை முடிந்ததும் பாஸ்பேட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து, அதிலுள்ள ஆக்சிஜனை வாயுவாக மாற்றி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் செலுத்திப் பார்க்க வேண்டும்.

1949இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. பாஸ்படேஸ் நொதிகள் பாஸ்பரஸ் பக்கம் வெட்டுகின்றன. பாஸ்பாரிலேஸ் நொதிகள் கார்பன் பக்கம் வெட்டுகின்றன. இரண்டும் ஒரே மூலக்கூறைத்தான் பிளக்கின்றன, ஆனால் முற்றிலும் வேறு வழிகளில். நொதியின் வினைவழியை அணு அளவில் பிரித்துக் காட்டிய தொடக்ககாலச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேள்விக்கு இரண்டே விடைகள்தான் சாத்தியம், சோதனை அவற்றில் ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறது, மழுப்ப இடமில்லை.

அடுத்து அதே உத்தியை உயிரணுவின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி உருவாகும் வினைக்குக் கொண்டுபோனார். பாஸ்பேட்டில் இருந்த கனமான ஆக்சிஜன் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகத் தண்ணீருக்குப் போய்விடுவதை 1953இல் அறிவித்தார். உள்ளே ஏதோ ஒரு படி முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்கான தடயம் அது.

இங்கே இந்த முறையின் குறையும் வெளிப்படுகிறது. எந்த அணு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஐசோடோப்பு சொல்லும். எல்லாம் முடிந்தபின், மூலக்கூறைப் பிரித்தெடுத்து, சிதைத்து, வாயுவாக்கியபின் சொல்லும். வினை நடக்கும்போது நொதியின் மடியில் ஏடிபி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது. மெக்னீசியம் என்ற உலோக அயனி இல்லாமல் இந்த நொதிகளில் பெரும்பாலானவை அசைவதே இல்லை. அது எங்கே நிற்கிறது என்பதும் இந்த முறைக்குத் தெரியாது.

காந்தப்புலத்துக்குள்

மெக்னீசியம் காந்தக் கருவிகளின் கண்ணுக்கு ஏறக்குறைய ஊமை. அதன் இடத்தில் மாங்கனீஸை வைத்தாலும் நொதிகள் பல வேலை செய்கின்றன. மாங்கனீஸ் அயனியில் இணைசேராத எலக்ட்ரான்கள் ஐந்து உண்டு. இப்படிப்பட்ட எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கும் எலக்ட்ரான் காந்த ஒத்ததிர்வில், தண்ணீரில் தனியே மிதக்கும் மாங்கனீஸ் ஆறு கோடுகள் கொண்ட பளிச்சென்ற நிறமாலையைத் தரும். ஏடிபி போன்ற ஒன்றோடு அது ஒட்டிக்கொண்டால் அந்தச் சமிக்ஞை மங்கிவிடும். ஆகவே எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று கணக்கிடலாம். இயற்பியலாளர் ஜோனதன் டவுன்சென்டுடன் சேர்ந்து 1954இல் கோன் இதை வெளியிட்டார். காந்த ஒத்ததிர்வுக்குள் அவர் நுழைந்த வாசல் இது.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அதற்குள் வேதியியலாளர்களின் கைக்கு வந்திருந்தது. பெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் 1946இல் கண்டறிந்து, 1952இல் நோபல் பெற்ற நிகழ்வு அது. சில அணுக்கருக்கள் சிறு காந்தங்களைப் போல நடந்துகொள்கின்றன. வலுவான காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலை செலுத்தினால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆற்றலை உறிஞ்சுகின்றன. சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் சூழலுக்கேற்ப அந்த அதிர்வெண் சற்றே நகர்கிறது. எனவே ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் வெவ்வேறு முகடுகளாகத் தெரியும். பாஸ்பரஸ் இதற்கு வசதியான தனிமம். இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் முழுவதும் பாஸ்பரஸ்-31தான். அடையாளமிட வேண்டிய தேவையே இல்லை.

1958இல் கோன் ஏடிபியின் பாஸ்பரஸ் நிறமாலையைப் பார்த்தார். மூன்று பாஸ்பரஸுக்கும் மூன்று தனித்தனி முகடுகள். தம் வாழ்வின் மிகப் பரவசமான தருணங்களில் ஒன்றாக அதைப் பின்னாளில் குறிப்பிட்டார். அன்றைய கருவிகளின் உணர்திறன் மிகக் குறைவு. கரைசல் உயிரணுவில் இருப்பதைவிடப் பன்மடங்கு அடர்த்தியாக இருந்தால்தான் முகடே எழும். அதனாலென்ன? ஏடிபியை உடைக்காமல், அதன் மூன்று பாஸ்பேட்டுகளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது.

எந்த முகடு எந்த பாஸ்பரஸ் என்று அடையாளம் கண்ட விதம் அழகானது. பக்கத்து பாஸ்பரஸ் ஒவ்வொன்றும் முகட்டைப் பிளக்கும். நடுவிலுள்ள பீட்டாவுக்கு இருபக்கமும் அண்டை வீட்டார். எனவே அது மூன்றாகப் பிளந்த முகடு. ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் ஒருபக்கம்தான். அவை இரண்டாகப் பிளந்தவை. அந்த இரண்டில் எது எது? கரைசலின் அமிலத்தன்மையை மாற்றிப் பார்த்தால் தெரியும். கடைசி பாஸ்பேட்தான் நடுநிலையை ஒட்டிய அமிலத்தன்மையில் புரோட்டானை ஏற்கவும் விடவும் செய்கிறது. ஆகவே அதிகம் நகர்வது காமா, பெரிதும் நகராமல் நிற்பது ஆல்ஃபா. ஹியூஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய இந்தக் கட்டுரை 1960இல் வெளியானது. 1962இல் அடுத்த கட்டுரை. மெக்னீசியம் சேர்த்தபோது பீட்டா, காமா முகடுகள் நகர்ந்தன. ஆல்ஃபா அவ்வளவாக அசையவில்லை. ஊமையாக இருந்த மெக்னீசியம் எங்கே கைவைக்கிறது என்று பாஸ்பரஸ் சொல்லிக்கொடுத்தது.

அந்த 1958இல்தான் அவருக்கு இணைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. டு விக்னோவிடம் சேர்ந்ததிலிருந்து எண்ணினால் 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுகளைப் பற்றிக் கோன் கசப்போடு பேசியதில்லை. வகுப்பெடுக்கும் சுமை இல்லை, மூன்று குழந்தைகளை வளர்க்க முடிந்தது, கேள்வியைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்தது என்ற தோரணையில்தான் பேசினார். அது அவருடைய பெருந்தன்மை. அதை எடுத்துக்கொண்டு, தற்காலிகப் பதவியும் நல்லதற்குத்தான் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோரியின் ஆய்வகத்தில் கிடைத்த சுதந்திரம் டு விக்னோவிடம் கிடைக்கவில்லை. பதவி இரண்டு இடத்திலும் கீழ்ப்பதவிதான். நன்மை செய்தது சுதந்திரம். பதவி இல்லாததல்ல.

1960இல் பிரிமகாஃப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாற, கோனும் பிலடெல்பியாவில் பிரிட்டன் சான்ஸ் தலைமையிலான ஜான்சன் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். மறு ஆண்டு முழுப் பேராசிரியர் ஆனார். 1964இல் அமெரிக்க இதயச் சங்கம் அவரை வாழ்நாள் ஆய்வாளராக ஏற்றுக்கொண்டது.

நொதியின் மடியில்

ஏடிபியைத் தனியே பார்த்தாயிற்று. நொதியோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி? இங்கே அவர் செய்தது சுற்றுவழி. நொதியையும் பார்க்கவில்லை, ஏடிபியையும் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். மாங்கனீஸின் அருகே வந்துபோகும் தண்ணீரின் புரோட்டான்கள் விரைவில் தளர்ந்து இயல்புநிலைக்குத் திரும்புகின்றன. மாங்கனீஸ் சிறிய அயனியாகச் சுற்றித் திரியும்போது இந்த விளைவு ஓரளவுக்குத்தான். பெரிய புரதத்தில் சிக்கி மெதுவாகச் சுழலும்போது விளைவு பன்மடங்காகிறது. இதைக் கொண்டு உலோகம் நொதியில் அமர்ந்திருக்கிறதா இல்லையா என்று தண்ணீரைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். 1962இல் ஜான் லீயுடன் இதை வெளியிட்டார்.

விடைகள் நொதிக்கு நொதி மாறின. தசையில் ஏடிபியை உடனுக்குடன் நிரப்பித் தரும் கிரியேட்டின் கைனேஸில் மாங்கனீஸ் தனியாகப் போய் ஒட்டுவதில்லை. ஏடிபியின் கையையோ, ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் எஞ்சும் டைபாஸ்பேட்டின் கையையோ பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. பைருவேட் கைனேஸிலோ உலோகம் முதலில் நொதியிலேயே அமர்ந்து, வினைப்பொருளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவதை விரிவாக ஆராய்ந்தவர் அவருடன் இருந்த ஆல்பர்ட் மில்ட்வன். உலோகம் தேவைப்படும் நொதிகளை எல்லாம் ஒரே கூட்டத்தில் அடைத்துவைத்திருந்த பாடப்புத்தகம் அத்தோடு மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

1978இல் வந்த கட்டுரைதான் இந்த வாழ்வை வரலாறாகப் படிக்கிறவனுக்கு விருந்து. பாஸ்பரஸோடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜன்-16க்குப் பதில் ஆக்சிஜன்-18 வந்தால், பாஸ்பரஸின் முகடு பத்து லட்சத்தில் சுமார் 0.02 பங்கு நகர்கிறது என்று ஹூ என்பவருடன் சேர்ந்து காட்டினார். பாஸ்பேட்டில் நான்கு ஆக்சிஜன்கள். எனவே கனமான ஆக்சிஜன் ஒன்றுமில்லாதது முதல் நான்கும் கனமானது வரை ஐந்து முகடுகள், சீரான இடைவெளியில். நேரம் செல்லச் செல்ல ஒரு முகடு தேய்ந்து பக்கத்து முகடு வளர்வதைக் குழாயை வெளியே எடுக்காமலேயே பார்க்கலாம். 1949இல் பிரித்து, சுத்தம் செய்து, வாயுவாக்கிப் பெற்ற விடை, இப்போது வினை நடக்கும்போதே கிடைத்தது. எத்தனை மூலக்கூறுகளில் இரண்டு ஆக்சிஜன்கள் மாறியிருக்கின்றன, எத்தனையில் மூன்று என்பதும் தனித்தனியே தெரிந்தது. சராசரியை மட்டும் தந்த பழைய முறையில் அது எளிதல்ல. ஏறத்தாழ அதே சமயத்தில் இங்கிலாந்திலும் இதே விளைவு கண்டறியப்பட்டது. ஆனால் யூரியிடம் ஆக்சிஜன்-18 கற்றவரும், ஏடிபியின் பாஸ்பரஸை முதலில் பிரித்துப் படித்தவரும் ஒரே ஆளாக இருந்தது பிலடெல்பியாவில்தான்.

அதே பத்தாண்டில், இந்தியாவிலிருந்து சென்ற இயற்பியலாளர் பி.டி. நாகேஸ்வர ராவுடன் செய்த ஆய்வுகள் பொதுவாசகர்களிடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டியவை. நொதியின் அளவு வினைப்பொருளுக்கு ஈடாக இருக்கும்படி கரைசல் தயாரித்தால், ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் நொதியில் ஒட்டியே இருக்கும். அப்போது எடுக்கும் பாஸ்பரஸ் நிறமாலை, நொதியின் மடியில் வினை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நேராகக் காட்டும். பைருவேட் கைனேஸின் வினை வெளியே கரைசலில் ஒருபக்கமாக மிகவும் சாய்ந்தது. நொதியின் மேல் பார்த்தால் இருபக்கமும் ஏறக்குறையச் சமம். ஆர்ஜினின் கைனேஸ், கிரியேட்டின் கைனேஸ் என்று வேறு நொதிகளிலும் ஒட்டிய நிலையில் சமநிலை மாறிலி, அதாவது இருபக்க அளவுகளின் விகிதம், ஒன்று என்ற எண்ணை ஒட்டியே நின்றது. பாஸ்பேட் தாவும் அந்தப் படியை மேடுபள்ளம் இல்லாத சமதளமாக நொதி ஆக்கிவிடுகிறது. மற்ற ஆற்றல் மாற்றங்கள் ஒட்டுவதிலும் விடுவதிலும் நடக்கின்றன.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிர்வேதியியலின் முதன்மை இதழ்களில் ஒன்றான ஜர்னல் ஆஃப் பயாலஜிகல் கெமிஸ்ட்ரியின் ஆசிரியர் குழுவில் முதல் பெண். 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர். 1978இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவர். 1982ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கம். அந்த ஆண்டே பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்று, அதன்பின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் சில ஆண்டுகள் பணி. 2009 அக்டோபரில் 96ஆம் வயதில் பிலடெல்பியாவில் காலமானார்.

எது நின்றது, எது கடந்துபோனது என்றும் பார்க்க வேண்டும். மாங்கனீஸை அளவுகோலாக வைத்து நொதிக்குள் அவர்கள் கணக்கிட்ட தூரங்கள், அந்தக் காலத்தில் வேறு வழியில்லாதபோது பெரும் உதவியாக இருந்தன. பின்னர் எக்ஸ் கதிர்ப் படிகவியல் முழு வரைபடத்தையே தந்தபோது அவற்றின் தேவை குறைந்தது. தூரத்தின் ஆறாம் படியைச் சார்ந்த கணக்கில் நெருங்கிய நிலைகள் அதிக எடை பெற்றுவிடும் என்பதும் அந்த முறையோடு பிறந்த பலவீனம்.

முகடுகளின் அடையாளம் அப்படியல்ல. 1973இல் ரத்தச் சிவப்பணுக்களின் உட்புற அமிலத்தன்மையைப் பாஸ்பரஸ் முகடுகளின் நகர்விலிருந்தே அளந்தார்கள். 1974இல் ஆக்ஸ்போர்டில் எலியின் கால் தசையை அப்படியே கருவிக்குள் வைத்து நிறமாலை எடுத்தார்கள். தசையின் ஆற்றல் இருப்பான பாஸ்போகிரியேட்டினின் உயரமான முகட்டுக்குப் பக்கத்தில் ஏடிபியின் மூன்று முகடுகளும் எழுந்தன. இன்று மனித இதயத்தில் பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏடிபிக்கும் உள்ள விகிதத்தை அறுவை இல்லாமல் அளக்கிறார்கள்; இதயம் தளரும் நோயாளிகளிடம் அந்த விகிதம் குறைகிறது. பல ஆய்வகங்கள் ஏடிபியின் அளவைப் பீட்டா முகட்டிலிருந்து எடுப்பதற்குக் காரணம் எளியது. ஆல்ஃபா முகட்டின் இடத்தில் வேறு சில மூலக்கூறுகளின் பாஸ்பரஸும் வந்து உட்காரும். காமா முகட்டோடு ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் எஞ்சும் டைபாஸ்பேட்டின் முகடு கலந்துவிடும். இருபக்கமும் பாஸ்பேட் உள்ள நடு பாஸ்பேட் டைபாஸ்பேட்டில் கிடையாது, அதனால் மூன்றாகப் பிளந்த அந்த முகட்டில் அதன் கலப்பு வருவதில்லை.